இரவு வார்டில் எத்தனை பேர்?

ஆண்டுதோறும் மே மாதம் 12-ஆம் நாள் உலகச் செவிலியர் நாள் வருகிறது. அன்று மருத்துவமனைக் கூடங்களில் மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. செவிலியர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரோஜாப்பூவும் ஒரு துண்டு கேக்கும் வைக்கப்படுகின்றன. 'வெண்ணிற ஆடை அணிந்த தேவதைகள்' என்று மேடையில் இருப்போர் புகழ்ந்துரைக்கின்றனர். நம் ஆலயங்களிலும் அதை அடுத்த ஞாயிறன்று அவர்களுக்காக ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்கிறோம். இவற்றை நான் குறை கூற வரவில்லை. ஆனால் இந்தப் புகழ்மொழி முழுவதும் ஒரு கேள்வியைக் கேளாமல் இருப்பதற்கான வசதியாக மாறிவிட்டது என்பதே என் வழக்கு. அக்கேள்வி மிக எளியது. இரவு பத்து மணிக்கு மேல் அந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர்?

பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவர். ஆகவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். இரைப்பையிலும் அதை ஒட்டிய முன்சிறுகுடலிலும் ஏற்படும் இரத்தக்கசிவு அது. நோயில்பூசுதலுக்காக நள்ளிரவில் அழைக்கப்பட்டு, சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் வட்டாரத்து மருத்துவமனைகளின் படிகளை ஏறி இறங்கிய ஆண்டுகளில் நான் அடிக்கடி கண்ட நோய். சிப்காட் வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி காவல் காக்கும் முதியவர் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரை அவர் இரைப்பையின் உட்சுவரை அரிக்கிறது. இரவெல்லாம் வண்டி ஓட்டும் இளைஞனின் வயிற்றிலோ ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி குடியிருக்கிறது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையுமே என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலத்தில், 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்துக் காட்டிய ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷலுக்கும் அவருடைய தோழர் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மக்களோ இன்றும் 'கேஸ் டிரபிள்' என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவதாக, குடியினால் கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்து வெடித்து வருவோர். இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. அந்தக் குடியினால் இரத்தம் கக்குகிறவனுக்குத் தட்டு ஏந்தி நிற்பவளை அதே அரசு ஒப்பந்தக் கூலியில் வைத்திருக்கிறது.

இந்நோயைப் பற்றிப் பொதுமக்கள் மனத்தில் உள்ள படம் இதுதான்: நோயாளி இரத்த வாந்தி எடுக்கிறார், ஆம்புலன்ஸ் வருகிறது, பெரிய டாக்டர் குழாய் விட்டு உள்ளே பார்த்து, கசியும் இடத்தை அடைக்கிறார், நோயாளி பிழைக்கிறார். இந்தப் படம் பொய்யன்று. ஆனால் பாதிப் படம். எண்டோஸ்கோபி என்னும் அந்தச் செயல்முறைக்கு அரை மணி நேரம் ஆகலாம். சிக்கலானால் ஒரு மணி நேரம். அடைத்த புண் மீண்டும் கசியும் ஆபத்து மிகுந்திருப்பதோ அதன் பிறகு வரும் முதல் 72 மணி நேரத்தில். எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் மூன்று பகல், மூன்று இரவு. அந்த இரவுகளில் பெரிய டாக்டர் வீட்டில் உறங்குவார். அவர் உறங்கத்தான் வேண்டும்; மறுநாள் காலையில் அவர் கை நடுங்கக் கூடாது. கட்டிலருகே இருக்க வேண்டியவர் செவிலியர்.

அங்கே அவர் என்ன செய்கிறார்? டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுக்கிறார் என்று எண்ணுவோர் கற்றோரிலும் பலர் உள்ளனர். இரத்தக்கசிவின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு எண்ண மாட்டார்கள். உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் உள்ள ஒருவர் ஒன்றரை லிட்டர் வரை இழக்கும்போதும் அவருடைய இரத்த அழுத்தம் சரியாகவே காட்டக்கூடும். உடல் தன் நாளங்களை இறுக்கிக்கொண்டு, இதயத்தை விரைவாக ஓடவிட்டு, இழப்பை மறைக்கிறது. ஆய்வுக்கூடத்து அறிக்கையும் உடனே உண்மை பேசாது. இழந்தது முழு இரத்தம் ஆகையால், மிஞ்சிய இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு முதலில் குறைந்து காட்டாது. உடல்நீர் நாளங்களுக்குள் வந்து இரத்தத்தை நீர்க்கச் செய்ய மணிக்கணக்கில் ஆகும். ஆக, கருவியும் தாளும் 'நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில், உண்மையை முதலில் சொல்வது நாடி. எண்பதாய் இருந்தது தொண்ணூற்றைந்தாகி, நூற்றுப்பத்தாகிறது. கை குளிர்ந்து பிசுபிசுக்கிறது. மூச்சு சற்றே விரைகிறது. சிறுநீர்ப் பையில் மணிக்கு முப்பது மில்லியாவது சேர வேண்டிய இடத்தில் பதினைந்துதான் சேர்ந்திருக்கிறது. நோயாளி புரண்டு படுக்கிறார், ஊசிக்குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். உடனிருக்கும் மனைவி, "குடிகாரப் புத்தி போகுதா பாருங்க சிஸ்டர்" என்கிறாள். அது குடிப்பழக்கம் நின்றதால் வரும் தடுமாற்றமா, மூளைக்கு இரத்தம் போதாததா, குடலில் தேங்கிய இரத்தம் செரித்து, பழுதான கல்லீரலைத் தாண்டி நஞ்சாக ஏறியதா? மூன்றுக்கும் மருத்துவம் வெவ்வேறு. முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்பவர் நர்சம்மாதான்.

மலத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இலக்கிய இதழில் இது எதற்கு என்று முகம் சுளிப்போர் அடுத்த பத்திக்குச் செல்லலாம். தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையும் ஒரு தனி நாற்றமும் கொண்ட மலம் இரைப்பைக் கசிவின் அடையாளம். இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை உண்பவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் அந்த ஒட்டும் தன்மையும் நாற்றமும் இரா. படித்ததை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது; பலமுறை கண்டு, முகர்ந்து, பழக வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கும் ஐந்து இலட்சம் ரூபாய்க்கும் விற்கும் எந்த மானிட்டரும் படுக்கைத் தட்டைப் பார்க்காது.

உணவுக்குழாய் நாளம் வெடித்தோருக்கு எண்டோஸ்கோபி உடனே இயலாதபோது, செங்ஸ்டேக்கன்–பிளேக்மோர் குழாய் என்ற ஒன்றை விழுங்கச் செய்து, அதிலுள்ள பலூனை ஊதி நாளத்தை அழுத்தி வைப்பார்கள். 1950-இல் வந்த கருவி. இன்றும் ஆபத்துக்கு உதவுகிறது. அதைப் போட்ட நோயாளியின் தலைமாட்டில் ஒரு கத்தரிக்கோல் இருக்க வேண்டும் என்பது விதி. பலூன் மேலே நழுவி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டால், யாரையும் கேட்டுக்கொண்டிராமல் குழாயை வெட்டி உருவிவிட வேண்டும். சில நொடிகள்தான் இருக்கும். அந்தக் கத்தரிக்கோலை எடுக்கும் கை யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு 'டாக்டருக்கு உதவியாளர்' என்ற சொல்லை வாயில் எடுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். நாற்பது நோயாளிகள் உள்ள வார்டில் இரவில் ஒரு செவிலியர் என்று கொள்வோம். இது கற்பனைக் கணக்கென்று எந்தச் செவிலியரும் சொல்ல மாட்டார். ஒருவருக்கு நாடி, அழுத்தம், வெப்பநிலை, மூச்சு பார்த்து எழுத நான்கு நிமிடம். நாற்பது பேருக்கு நூற்றறுபது நிமிடம்; இரண்டு மணி நாற்பது நிமிடம். இதற்கிடையே ஊசி, ட்ரிப் மாற்றுதல், புதிதாய் வந்தவருக்குப் படுக்கை, இறந்தவருக்குத் தாள்கள். இரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் பதினைந்து நிமிடம் நோயாளியின் அருகிலேயே இருந்து, ஒவ்வாமை தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். யார் இருப்பது? கசிவுள்ள நோயாளியை மணிக்கொரு முறை, நிலை கவலைக்கிடமானால் கால் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும் என்பது பாடம். கணக்கு அதற்கு இடம் தராது. எனவே என்ன நடக்கிறது? விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரே மையில், ஒரே சாய்வில், கேஸ் ஷீட்டின் இரவுக் கட்டங்கள் அனைத்தும் நிரம்புகின்றன: 120/80, 120/80, 120/80. அந்தத் தாளைக் காட்டி 'நேர்மையில்லாத பெண்கள்' என்று நிர்வாகிகள் சினப்பதைக் கேட்டிருக்கிறேன். செய்ய இயலாத ஒன்றைச் செய்ததாக எழுதச் சொன்னது யார்? கட்டங்கள் காலியாக இருந்தால் தர அங்கீகாரம் போய்விடும் என்று முந்தின நாள் கூட்டம் போட்டு எச்சரித்தது யார்?

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகோல் போதனை மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது. அதாவது ஒவ்வொரு முறைப்பணியிலும் ஒன்பது பேருக்கு ஒருவர். அதற்குமேல் விடுப்புக்கு ஈடாக 30 விழுக்காடு. தாளில் இது பல்லாண்டுகளாக இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு, அறுவை மருத்துவம் பெற்றோரிடையே, ஒரு செவிலியர் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளியாலும் முப்பது நாளுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு ஏழு விழுக்காடு உயர்கிறது என்றது. கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் எண்ணிக்கையைக் கட்டாயமாக்கியது. 2005 முதல் பொது வார்டுகளில் எந்த நேரத்திலும் ஐந்து பேருக்கு ஒருவர். அங்கும் மருத்துவமனை முதலாளிகள் மூடிவிடுவோம் என்றுதான் அச்சுறுத்தினார்கள். சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசினால் 'சேவையைக் கணக்குப் பார்க்கலாமா?' என்று கேட்போர் உண்டு. மே 12 யாருடைய பிறந்த நாளோ அந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கணக்குப் பார்த்தவர்தாம். கிரிமியப் போரில் காயத்தால் செத்த வீரரைவிட, தூய்மையற்ற மருத்துவமனையில் நோயால் செத்தவர் மிகப் பலர் என்பதை 1858-இல் வண்ண வட்டப்படம் வரைந்து, அரசின் முகத்துக்கு நேரே நீட்டியவர். விளக்கேந்திய சீமாட்டியின் விளக்கை மட்டும் நாம் வைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த புள்ளிவிவரத்தை வாங்கி மூலையில் போட்டுவிட்டோம். விளக்குக்குச் செலவு குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், அங்கு மட்டும் நடப்பதன்று இது. காவலாளி ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், புண்ணில் கசிவு அடைக்கப்பட்டு இரண்டாம் இரவு. குமரி மாவட்டத்திலிருந்து வந்திருந்த இளஞ்செவிலியர் ஒருவர் அவ்வழியே போகிறவர் நின்று, "அண்ணே, கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று மணிக்கட்டைப் பிடித்தார். மாலையில் 88, இப்போது 112. அழுத்தம் 120. கால் மணி கழித்து மீண்டும் பார்த்தார், 118. டியூட்டி டாக்டரை அழைத்தார். "பிபி நார்மல்தானே, காலையில் சார் வந்து பார்ப்பார்" என்று விடை வந்தது. அந்தப் பெண் இன்னொரு கையிலும் பெரிய வென்ஃப்ளான் ஒன்றைப் போட்டு, இரத்த வங்கிக்கு மாதிரி அனுப்பிவிட்டு, எல்லா ஒழுங்கையும் தாண்டி நேராகக் குடல்நோய் நிபுணரின் வீட்டுத் தொலைபேசியை எழுப்பினார். நிபுணர் வந்து சேர்வதற்குள் நோயாளி ஒரு தட்டு நிறைய இரத்தம் கக்கியிருந்தார். ஏற்ற இரத்தம் ஆயத்தமாக இருந்தது; இரண்டு வழிகள் திறந்திருந்தன; மனிதர் பிழைத்தார். மறுநாள் காலை அந்தச் செவிலியருக்கு ஒரு மெமோ வந்தது: மேலிடத்து அனுமதியின்றி மூத்த மருத்துவரை அழைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு. "ஃபாதர், அந்த மனுசன் செத்திருந்தா எனக்கு மெமோ வந்திருக்காது" என்று அவர் என்னிடம் சொன்னார். அவர் இப்போது அயர்லாந்தில் பணிபுரிகிறார். நாடி பிடித்தவுடன் ஐயம் கொள்ளும் அந்த விரல்கள் பழக மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பழகியதும் நாம் அவற்றைக் கப்பலேற்றிவிடுகிறோம்.

ஏன் போகிறார்கள் என்று வியப்பது போலிப் பேச்சு. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. மாதத் தொகுப்பூதியம் ரூ. 7,700. ஈராண்டில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் அமர்ந்து போராடிய பிறகே, 2018-இல் அது 14,000 ஆயிற்று. கொள்ளைநோய் பரவிய 2020-இல் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. மாடியில் நின்று நாம் கைதட்டியது இவர்களுக்குத்தான். தனியார் துறையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29-இல் இட்ட கட்டளைப்படி மைய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் ரூ. 20,000-க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. கேரளம் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018-இல் அந்தக் குறைந்த அளவை ஆணையாக்கியது. பழைய மகாபலிபுரம் சாலையின் விடுதிகளில் ஓர் அறைக்கு நால்வராகத் தங்கியிருக்கும் பெண்களைக் கேளுங்கள், இங்கே எவ்வளவு என்று.

சிறு மருத்துவமனைகள் இதைத் தாங்குமா என்ற கேள்வி நேர்மையானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். சிற்றூரில் இருபது படுக்கையோடு நடக்கும் இல்லத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? காப்பீட்டுத் திட்டங்கள் குழாய் விடுவதற்கும் ஊசி போடுவதற்கும் விலை வைக்கின்றன. மூன்று இரவு விழித்துப் பார்ப்பதற்குத் தனி விலை வைப்பதில்லை. அங்கே அரசு திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் நகரத்துப் பெரிய மருத்துவமனையின் பில்லை வாங்கிப் பாருங்கள். அறை வாடகைக்குக் கீழே நாள்தோறும் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு வார்டில் நாற்பது பேரிடம் அது வசூலாகிறது. நாற்பது பேரிடமும் வாங்கியதில் ஓர் இரவுக்கு ஒரே ஒரு பெண்ணின் கூலி போக மிச்சம் எங்கே போகிறது என்று கேட்பது பேராசையா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் மக்கள் செவிலியரையும் சிஸ்டர் என்கிறார்கள், துறவியையும் சிஸ்டர் என்கிறார்கள். மருத்துவமனைகளைத் துறவியர் நடத்திய காலத்தின் எச்சம் அச்சொல். மதிப்புக்குரிய சொல்தான், ஆனால் அதற்குள் ஒரு சூழ்ச்சி புகுந்துவிட்டது. துறவிக்கு மடம் உண்டு, முதுமையில் பார்த்துக்கொள்ளச் சபை உண்டு. ஊதியம் வேண்டாம் என்று அவர் தாமே வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறார். இந்தச் சிஸ்டருக்கு வீட்டு வாடகையும், கல்விக் கடனும், தம்பியின் கல்லூரிக் கட்டணமும் இருக்கின்றன. அவர் கொடுக்காத வார்த்தைப்பாட்டை அவர் தலையில் ஏற்றி, 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லால் ஊதியத்தைக் குறைப்பது, யாக்கோபின் திருமுகம் ஐந்தாம் அதிகாரம் கண்டிக்கிற குற்றத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டது என்று எனக்கு எவரேனும் விளக்க வேண்டும். பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் நேரிய கூலியைப் பற்றி எழுதியது ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் என்று எந்த மறைவல்லுநரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

நல்ல சமாரியரின் உவமையை நாம் எத்தனை முறை மறையுரையில் எடுத்திருக்கிறோம்! குருவையும் லேவியரையும் கடிந்தோம், சமாரியரைப் போற்றினோம். சாவடிப் பொறுப்பாளரைப் பற்றிப் பேசியோர் அரியர். சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயத்தைக் கட்டியது உண்மை. மறுநாள் அவர் தம் வழியே சென்றார். காயம்பட்டவன் அருகே அடுத்தடுத்த இரவுகளில் விழித்திருக்க வேண்டியவர் அந்தப் பொறுப்பாளர். அவரிடம் சமாரியர் என்ன செய்தார்? இரண்டு தெனாரியத்தை முன்பணமாகக் கையில் கொடுத்தார். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் உறுதி கூறினார். புகழுரை ஏதும் கூறியதாக லூக்கா எழுதவில்லை.

ஆகவே என் கோரிக்கையை மறைவட்டக் கூட்டத்தில் வைத்திருக்கிறேன். நம் மக்கள் நம்பிச் செல்லும் மருத்துவமனைகளிடம், திருச்சபையைச் சார்ந்தவை முதலாக, மூன்று விவரங்களை எழுத்தில் கேட்போம். இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? முதலாண்டுச் செவிலியரின் மாத ஊதியம் எவ்வளவு, அவருடைய மூலச் சான்றிதழ்களை யார் வைத்திருக்கிறார்கள்? கசிவுள்ள நோயாளியின் நாடி ஏறினால், எவர் அனுமதியையும் வேண்டாது மூத்த மருத்துவரை அழைக்கவும் இரத்தம் கேட்கவும் அவருக்கு எழுத்துமூலமான அதிகாரம் உண்டா? கடிதங்கள் தவக்காலத்தில் அனுப்பப்பட்டன. ஒரு நிர்வாகம், 'இவை உள்நிர்வாகச் செய்திகள். நேரில் வாருங்கள், பேசுவோம்' என்று எழுதியிருக்கிறது. மற்றவர்களிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. வந்ததும், எண்களோடு, இதே பக்கங்களில் எழுதுவேன்.